எஞ்சினுக்குப் பேதி மருந்து

டீசல் எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றும்போது பழையதை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றினால் போதுமா, அல்லது நடுவில் ஒருமுறை அதன் உட்புறத்தைக் கழுவிவிட வேண்டுமா? இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் ஏறக்குறைய ஒரு வருடம் குடியிருந்தது. நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கார் ஓட்டத் தெரியாது; ஒரு திருகாணியைக்கூட நானாகக் கழற்றியதில்லை. இருந்தாலும் அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் இரண்டு ஆண்கள் இரண்டு பதில் சொன்னார்கள். இரண்டில் ஒன்றுதான் சரியாக இருக்க முடியும், எது என்று பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். அது அவ்வளவு சுலபமாக இல்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல்லில் பழநி சாலையை ஒட்டிய ஒரு தெருவில் குடியிருந்தோம். என் கணவரும் என் அண்ணனும் சேர்ந்து ஒரு வாடகைக் கார் வைத்திருந்தார்கள். கணவர் ஓட்டுவார், அண்ணன் பழுது பார்ப்பார். பெரிய, பழைய அமெரிக்கக் கார். அதன் பெட்ரோல் எஞ்சினுக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகாமல், அதைக் கழற்றிவிட்டு, ஓடித் தேய்ந்த ஒரு வேனிலிருந்து எடுத்த டீசல் எஞ்சினை மதுரைப் பட்டறையில் பொருத்தி வந்தார்கள். வாடகைக் கார்க்காரர்கள் சிலர் அப்போது இப்படிச் செய்துகொண்டிருந்தார்கள். பார்வைக்கு ஜமீன் வண்டி, சத்தத்துக்கு மாவு மில். அது தெருமுனையில் திரும்பும்போதே எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிடும்.

கணவர் வண்டியைக் கொடைரோடு ரயில் நிலையத்தில் போட்டிருப்பார். ரயிலில் வந்து இறங்குகிறவர்களை மலைக்கு ஏற்றிப் போவதுதான் பிழைப்பு. ரயில் தாமதமானால் அவருடைய சாப்பாடும் தாமதம். மலையில் மழை என்றால் அன்று வீடு திரும்புவதே சந்தேகம். பகல் சாப்பாட்டை அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட நாள் மிகவும் அபூர்வம். கடைச் சாப்பாட்டில் வயிறு கெட்டுப்போய், எதைக் கொடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

இந்த நிலையில்தான் ஊரில் ஒரு புகையிலை வியாபாரி மாத வாடகைக்குக் கார் தேடுகிறார் என்று தெரிந்தது. கன்னிவாடி, ஒட்டன்சத்திரம், பழநி, அதைத் தாண்டி நெய்க்காரப்பட்டி என்று காடு காடாகப் போய் இலையைப் பார்த்து விலை பேசுகிறவர். காலையில் கிளம்பினால் வேலை முடிந்து ஊர் திரும்பிவிடுவார். அந்த வாடகை கிடைத்துவிட்டால் கணவர் ரயிலுக்குக் காத்திருக்க வேண்டாம், மலை ஏற வேண்டாம். கணவர் போய்ப் பேசினார். வியாபாரி மறுக்கவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை.

"தை பொறக்கட்டும், தம்பி. நெய்க்காரப்பட்டி வரைக்கும் ஒரு நாள் கூட்டிட்டுப் போ. உன் வண்டி எப்பிடின்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாப் பேச்சும் அந்த ஒரு நாள் பயணத்தைச் சுற்றித்தான். எண்ணெய்ச் சண்டையும் அதற்குப் பிறகு சூடு பிடித்தது.

அண்ணன் தொழில் கற்றது பெட்ரோல் கார்களில். அவற்றில் புது எண்ணெய் ஊற்றினால் பல நாள் ஓடிய பிறகும் தேன் நிறத்தில் இருக்குமாம். டீசல் எஞ்சின் அப்படி இல்லை. காலையில் புது எண்ணெய் ஊற்றி, வத்தலக்குண்டு போய்த் திரும்பி, அளவு பார்க்கும் கம்பியை உருவினால் எண்ணெய் தார் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அண்ணனுக்கு இது பெரிய அவமானம். கழுவாத பாத்திரத்தில் பால் ஊற்றிவிட்டோம் என்பதுபோல முகத்தைச் சுளிப்பார்.

"உள்ள அம்புட்டும் அழுக்கு. வயித்துல கசடு வச்சுக்கிட்டு மேல மேல சோறு போட்டா என்ன ஆகும்? இதுக்குப் பேதி குடுக்கணும்" என்பார்.

பேதி என்று அவர் சொன்னது வேடிக்கைக்கு அல்ல. எங்கள் அப்பா பள்ளி விடுமுறை விட்டதும் எங்கள் இருவருக்கும் விளக்கெண்ணெய் கொடுத்துவிடுவார். மூக்கைப் பிடித்துக் குடித்துவிட்டு, நாள் முழுவதும் கொல்லைக்கும் வீட்டுக்கும் நடந்து, சாயங்காலம் ரசம் சாதம் சாப்பிடுவோம். அப்போது ஊரில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். வயிற்றைச் சுத்தம் செய்தால் உடம்பு தேறும் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அண்ணன் அதையே எஞ்சினுக்கும் செய்தார். எண்ணெய் மாற்றும்போதெல்லாம் பழையதை வடித்துவிட்டு, மண்ணெண்ணெயையும் மெல்லிய எண்ணெயையும் கலந்து ஊற்றுவார். எஞ்சினைச் சிறிது நேரம் மெதுவாக ஓடவிட்டு, அந்தக் கலவையையும் வடித்துவிட்டு, அப்புறம்தான் புது எண்ணெய். கலவை கறுப்பாக வெளியே வரும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்!

"பாத்தியா மாப்ள, எம்புட்டு வருதுன்னு!"

என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. அவர் கண் எப்போதும் ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் இருந்த ஒரு சின்ன வட்ட மானியின் மேல் இருக்கும். உள்ளே எண்ணெய் எவ்வளவு அழுத்தத்தோடு ஓடுகிறது என்று அதில் ஒரு முள் காட்டும். பேதி கொடுத்த மறுநாள் முள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் படுத்தே இருக்கிறது என்பது அவருடைய புகார்.

"நீங்க ஊத்துற சீமெண்ணெய் முழுக்க வெளிய வரலை மச்சான். சந்து பொந்துல தங்கிக்கிட்டு, புது ஆயில ரசம் மாதிரி ஆக்கிருது."

"ரசம்னா என்ன? கொழம்ப விட ரசந்தான் வேகமா ஓடும். உனக்கு ஓடுனாப் போதும்ல?"

"ஓடுனாப் போதாது. நிக்கணும். பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவுல நின்னாத்தான் ஆயிலு."

"ஏ புள்ள, உன் புருசன் ஸ்டியரிங் புடிச்சுக்கிட்டே எஞ்சினியர் ஆயிட்டாருடி!"

நான் சிரிக்காமல் இருவருக்கும் மோர் ஊற்றுவேன். மனதுக்குள் ஒரு கேள்வி மட்டும் குறுகுறுத்துக்கொண்டே இருந்தது. கறுப்புதான் அழுக்கு என்றால், கழுவிய பிறகு ஊற்றும் எண்ணெய் தாமதமாகக் கறுக்க வேண்டும். அப்படி நடக்கிறதா?

பள்ளியில் மை ஒற்றுத்தாள்கள் கிடைக்கும். பழைய தாள்களில் சுத்தமாக இருந்த ஓரங்களை வெட்டி எடுத்து வந்தேன். அண்ணன் பேதி கொடுத்துப் புது எண்ணெய் ஊற்றிய அன்று, வண்டி வத்தலக்குண்டு போய் வந்ததும், கணவரிடம் கேட்டு அளவுக் கம்பியின் நுனியிலிருந்து ஒரு சொட்டைத் தாளில் விடச் செய்தேன். சொட்டு மெல்லப் பரவியது. நடுவில் கறுப்பு, சுற்றிச் சாம்பல், ஓரத்தில் வெறும் எண்ணெய்க் கறை. பார்க்க அழகாகக்கூட இருந்தது.

அடுத்த முறை எண்ணெய் மாற்ற வேண்டிய நேரத்தில் அண்ணன் ஊரில் இல்லை. அண்ணியின் ஊர்த் திருவிழாவுக்கு அய்யலூர் போயிருந்தார். கணவர் தானே வடித்து, கழுவாமல், நேராகப் புது எண்ணெயை ஊற்றினார். மீண்டும் வத்தலக்குண்டு, மீண்டும் ஒரு சொட்டு. இரண்டு தாள்களையும் வாசல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எது கழுவியது, எது கழுவாதது என்று பின்பக்கம் எழுதியிருக்காவிட்டால் எனக்கே தெரிந்திருக்காது.

ஏன் என்று யோசித்துக்கொண்டே அன்று மாலை அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் துடைத்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்தாலும், ஒரு மாலை எரிந்தால் மறுபடி புகை படிந்துவிடுகிறது. அது நேற்றைய அழுக்கு அல்ல. இன்றைய எரிப்பில் வருவது. டீசலும் அப்படித்தான் எரிகிறது. அந்தக் கரியைத்தான் எண்ணெய் வாங்கிக்கொள்கிறது என்று எனக்குப் பட்டது. அப்படியானால் எண்ணெய் கறுப்பது எஞ்சின் அழுக்கு என்பதற்கு அடையாளம் அல்ல. கழுவுவதால் அது நிற்கப்போவதும் இல்லை.

அண்ணன் ஊரிலிருந்து வந்ததும் இரண்டு தாள்களையும் காட்டினேன். அவர் உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபப்படவில்லை.

"சரி, கறுப்பு போகாது. ஒத்துக்கிறேன். ஆனா நீ காட்டுறது ஓடுற ஆயிலு. அடியில அசையாம கெடக்குதே மண்டி, அது உன் பேப்பர்ல எப்பிடி வரும்?"

அவர் சொன்னதும் நியாயம்தான். எங்கள் எஞ்சினை முன்பு வைத்திருந்தவர் எண்ணெயை ஒழுங்காக மாற்றியிருப்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கறுப்பைப் பற்றி நான் சரி. மண்டியைப் பற்றி அண்ணன் சரி. அப்படியானால் அந்த மண்டிக்கு மருந்து என்ன என்பதுதான் உண்மையான கேள்வி. நான் முதலில் கேட்டது வேறு கேள்வி என்று அப்போதுதான் புரிந்தது.

பதில் ஒரு தகர டப்பாவில் வந்தது. மார்கழியில் ஒரு விற்பனைக்காரர் கார் ஸ்டாண்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பை. எஞ்சின் கழுவுவதற்கென்றே செய்த எண்ணெய், மண்ணெண்ணெயெல்லாம் இதற்கு முன்னால் நிற்காது, பல வருடக் கசடையும் கரைத்து வெளியே கொண்டுவந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். மற்ற ஓட்டுநர்கள் கேட்டுவிட்டுக் கலைந்துபோனார்கள். அண்ணன் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அதைச் சாப்பாட்டு இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

கணவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தை முடியட்டும் மச்சான். நெய்க்காரப்பட்டி போய்ட்டு வந்துட்டு ஊத்துவோம்."

"போறதுக்கு முன்னாடி ஊத்துனாத்தான வண்டி சும்மா கிண்ணுனு இருக்கும்? மொதலாளி பின்னாடி உக்காந்துருப்பாரு. பொகையப் பாத்தா என்ன நெனைப்பாரு?"

"பொகையிலை வியாபாரிக்குப் பொகை என்ன புதுசா?"

"சிரி, சிரி. வாடகை கெடைக்காட்டி அப்புறம் சிரி."

அந்தக் கடைசிப் பேச்சு கணவருக்குத் தைத்துவிட்டது. வாடகை கிடைக்காமல் போய், அதற்குப் பேதி கொடுக்காததுதான் காரணம் என்று அண்ணன் ஆயுள் முழுக்கச் சொல்லிக்காட்டினால் என்ன செய்வது என்று என்னிடம் கேட்டார். பயணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், அரைமனதாகச் சம்மதித்தார்.

நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். டப்பா எண்ணெயை ஊற்றி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, அடி நட்டைக் கழற்றியபோது வந்தது வெறும் கறுப்புத் திரவம் அல்ல. அதில் செதில் செதிலாக ஏதோ மிதந்தது. விரலில் எடுத்து நசுக்கினேன். ஊறவைக்காத பழைய புளி மாதிரி இருந்தது. அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இத்தன நாள் சீமெண்ணெய் ஊத்தி ஏமாந்துட்டோம் பாரு!"

"இது வந்துருச்சுண்ணே. எடம்விட்டு நகந்து, வெளிய வராம நிக்கிறது எங்க இருக்கும்?" என்று கேட்டேன். குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அண்ணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "வராதது வராது. போய்க் காப்பி போடு."

புது எண்ணெய் ஊற்றினார்கள். தெருவைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்தார்கள். முள் நன்றாக நிமிர்ந்தே நின்றது. கணவர் முகமும் கொஞ்சம் தெளிந்தது.

மறுநாள் பள்ளி விடுமுறை. வியாபாரி, போகிற வழியில் பழநிக்கும் போய்விடலாம் என்று மனைவியையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருந்தார். அந்த அம்மாவுக்குப் பேச்சுத் துணையாக நானும் ஏறிக்கொண்டேன். அண்ணன் முன்னால், கணவருக்குப் பக்கத்தில், இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். வியாபாரி பெரிய உடம்புக்காரர். தோளில் புதுத் துண்டு. அவர் மனைவி ஒல்லி. ஏறி உட்கார்ந்ததும் சீட்டைத் தட்டிப் பார்த்து, "மெத்தை மாதிரி இருக்கு டீச்சர். எங்க வீட்டுக் கட்டில்கூட இப்பிடி இல்ல" என்றார். வியாபாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. இருபுறமும் வெங்காயக் காடுகள், நடுநடுவே புகையிலை. வியாபாரி ஒவ்வொரு காட்டையும் பார்த்து இலை தடிப்பா, நரம்பு எப்படி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். நெய்க்காரப்பட்டியில் ஒரு விவசாயியின் இலை நன்றாக விளைந்திருப்பதாகச் செய்தி வந்திருக்கிறது. வேறொருவர் பேசி முடிப்பதற்குள் போக வேண்டும் என்றார். பயணத்தின் அவசரம் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ரெட்டியார்சத்திரம் தாண்டியிருப்போம். கணவரின் தலை ஒருமுறை மானிப் பக்கம் குனிந்து நிமிர்ந்தது. அப்புறம் மறுபடி குனிந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு முள் தெரியவில்லை; அவர் கழுத்துதான் தெரிந்தது. அந்தக் கழுத்து விறைத்துவிட்டது.

"மச்சான், முள்ளு எறங்குது."

அண்ணன் எட்டிப் பார்த்தார். மானியின் கண்ணாடியை விரலால் தட்டினார். "மானி மக்கர் பண்ணுது. பழசுல்ல? ஓட்டு."

"தட்டுனாலும் ஏறல. நிப்பாட்டப் போறேன்."

"ஏலே மாப்ள, மொதலாளிய வச்சுக்கிட்டு நடுரோட்டுல நிப்பாட்டாத" என்று அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார். பின்சீட்டில் எல்லாருக்கும் நன்றாகவே கேட்டது.

கணவர் வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை உடனே அணைத்துவிட்டார். மாவு மில் சத்தம் நின்றதும் காட்டில் கிணற்று ஏற்றத்தின் கிறீச்சொலி கேட்டது.

"என்னப்பா?" என்றார் வியாபாரி.

"ஆயில் மேல ஏறலை மொதலாளி. செத்த நேரம் குடுங்க, பாத்துருவோம்."

"வண்டி நல்லாத்தான ஓடிட்டு இருந்துச்சு?"

"இப்ப நல்லா ஓடும். கொஞ்ச தூரத்துல சுத்தமா நின்னுரும்."

வண்டியைத் தள்ளி, முன்சக்கரங்களைச் சாலையோரக் கற்கள்மேல் ஏற்றி நிறுத்தினார்கள். அண்ணன் இஸ்திரிச் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, வண்டிக்கு அடியில் நுழைந்தார். காட்டில் வேலை செய்துகொண்டிருந்தவர்களிடம் கேட்டு ஒரு அகலமான குண்டானை வாங்கி வந்தேன். எண்ணெயை அதில் வடித்துவிட்டு, எஞ்சினின் அடித் தொட்டியை நட்டு நட்டாகக் கழற்றினார். சூடு பட்டு "ஸ்ஸ்" என்று அவர் இழுக்கும் சத்தம் கேட்டது. நானும் குனிந்து உட்கார்ந்துகொண்டேன். எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு கம்பிச் சல்லடை இருந்தது. அதில் கம்பியே தெரியவில்லை. நேற்று என் விரலில் நசுங்கிய அதே செதில்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அப்பிக்கொண்டு, சல்லடையை முழுக்க மூடியிருந்தன. நான் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கே இருந்தது. டப்பா மருந்து மண்டியைப் பெயர்த்தது உண்மைதான். பெயர்ந்ததில் கொஞ்சம்தான் அடி நட்டு வழியாக வந்தது. மிச்சம் புது எண்ணெயோடு ஓடிப்போய், எண்ணெய் போகிற ஒரே வழியை அடைத்துவிட்டது.

அண்ணன் சல்லடையைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். மறைக்கவில்லை. முதலில் கணவரிடம் காட்டினார், பிறகு வியாபாரியிடம்.

"எல்லாம் நான் குடுத்த மருந்து வேலை, மொதலாளி. அசையாம கெடந்தத அசைச்சுவிட்டேன். அது தொண்டையில வந்து ஒக்காந்துருச்சு."

வியாபாரியின் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, எங்க வீட்டு சாக்கடைல இதே மாதிரிதான் அடைக்கும். குச்சிய விட்டுக் குத்துனா இன்னும் உள்ள போயிரும். கையாலதான் எடுக்கணும்" என்றார்.

சல்லடையையும் தொட்டியையும் டீசல் விட்டுக் கையாலேயே கழுவினார் அண்ணன். தொட்டி விளிம்பில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் கார்க் பட்டை கிழிந்திருந்தது; அந்த இடத்தில், பழநியில் குளிப்பதற்காக நான் கொண்டுவந்திருந்த சோப்பை நசுக்கி அப்பினார். குண்டானில் இருந்த எண்ணெயை மறுபடி ஊற்ற வேண்டும். அதை வடிகட்டத் துணி வேண்டும். அண்ணன் தன் சட்டையைக் கேட்டார். அது தடித்த துணி, எண்ணெய் இறங்காது. எல்லார் கண்ணும் ஒரே நேரத்தில் வியாபாரியின் தோளுக்குப் போனது.

"குடுங்களேன். பீரோ நெறையத் துண்டு அடுக்கி வச்சுருக்கு" என்றார் அவர் மனைவி.

வியாபாரி துண்டை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். கொடுத்த விதத்திலேயே நிறையச் செய்தி இருந்தது.

எஞ்சின் மறுபடி உறுமியதும் முள் எழுந்து நின்றது. கணவர் அதைப் பார்த்து நீளமாக மூச்சு விட்டார். அதற்குள் வெயில் ஏறியிருந்தது. நெய்க்காரப்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது விவசாயி எங்களைக் கும்பிட்டு வரவேற்றார்.

"ஏனுங்க, இப்படி நேரங்கழிச்சு வந்துட்டீங்க? காத்தாலயே ஒருத்தர் வந்து பேசி முடிச்சுட்டுப் போயிட்டாருங்க. மோர் குடிங்க."

வியாபாரி மோரைக் குடித்தார். பழநியில் அவர் மனைவி மட்டும் நிறைவாகக் கும்பிட்டு வந்தார். திரும்பும் வழியில், ஒட்டன்சத்திரம் தாண்டிய பிறகுதான் வியாபாரி வாய் திறந்தார்.

"ஏன் தம்பி, நெய்க்காரப்பட்டி வரைக்கும் ஓட்டிருக்கலாம்ல? எலை கெடைச்சிருக்கும்."

"ஓட்டிருக்கலாம் மொதலாளி. போயும் சேந்திருக்கலாம். ஆனா திரும்பி வந்திருக்க மாட்டோம்."

"அது உன் வண்டி கவலை. எலை என் கவலை." கொஞ்ச நேரம் கழித்து, "நீ நல்லாத்தான் ஓட்டுற" என்று சேர்த்துச் சொன்னார். அது பாராட்டா, விடை கொடுப்பதா என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

விடைதான். அடுத்த வாரம் அவர் வேறொருவருடைய புதுப் பெட்ரோல் காரை மாத வாடகைக்கு எடுத்துவிட்டார் என்று ஸ்டாண்டில் சொன்னார்கள். கணவர் மறுபடி கொடைரோட்டுக்குப் போனார். அண்ணனோடு சில நாள் அவர் சரியாகப் பேசவில்லை. தேவையானதை மட்டும் என் மூலம் சொல்லி அனுப்பினார். அண்ணன் பட்டறையிலேயே கிடந்தார். எஞ்சினின் அடியை மறுபடி முழுக்கக் கழற்றி, மூலை முடுக்கெல்லாம் கரண்டியாலும் துணியாலும் சுரண்டி எடுத்தார். முடித்ததும் கணவரை அழைத்துப் போய், விளக்கைப் பிடித்து உள்ளே காட்டினார்.

"பாரு மாப்ள. இனி பேதியும் இல்ல, கஷாயமும் இல்ல."

கணவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல மச்சான்?"

"நீ மொதல்லயே சொல்லிருக்கலாம்ல?"

"நான் ஸ்டியரிங் புடிக்கிறவன். நான் சொன்னா நீங்க எங்க கேப்பீங்க?"

அண்ணன் சிரித்துவிட்டார். அதோடு அந்தப் பிணக்கு தீர்ந்தது.

அதன் பிறகு நான் யோசித்துப் பார்த்து வந்த முடிவு இதுதான். எண்ணெயைக் காலாகாலத்தில் மாற்றிச் சுத்தமாக வைத்திருக்கும் எஞ்சினுக்குக் கழுவும் மருந்து தேவையில்லை; அது கழுவுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. மண்டி பிடித்த பழைய எஞ்சினுக்கு அதைக் கொடுப்பதோ ஆபத்து. பெயர்வது எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவில், இந்த மருந்தால் உண்மையில் பலன் அடையக்கூடிய ஒரு எஞ்சின் எங்காவது இருக்கலாம். அது எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றும் தெரிந்துகொள்ள ஆசைதான். விற்பனைக்காரர் மறுபடி வந்திருந்தால் கேட்டிருப்பேன். அவர் வரவில்லை.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. வியாபாரியின் மனைவி ஒரு நாள் ஆள் அனுப்பினார். மாதாமாதம் கார்த்திகைக்குப் பழநி போவதற்கு எங்கள் கார்தான் வேண்டுமாம். புதுக் காரில் சீட்டு சரியில்லையாம். மாதத்தில் ஒரே நாள். கணவர் ஆசைப்பட்ட மாத வாடகைக்கு அது ஈடாகாது. இருந்தாலும் அந்தக் காலைகளில் அவர் சலவை வேட்டி கட்டிக்கொண்டு, முகத்தைச் சுளிக்காமல் கிளம்புவார்.

அண்ணன் எண்ணெய் மாற்றும் விதமும் மாறியது. வண்டியை ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கி, எங்கள் வீட்டு வாசலிலேயே நிறுத்தி, கீழே ஒரு தகர டின்னை வைத்து, அடி நட்டைக் கழற்றிவிடுவார். கடைசிச் சொட்டு விழும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது. மருந்துக்குப் பதிலாக அவர் கண்டுபிடித்தது இந்தப் பொறுமையை மட்டும்தான். அதற்கு மத்தியான நேரம்தான் தோதுப்பட்டது. வண்டி அசைய முடியாது என்பதால் கணவரும் வீட்டில் இருப்பார். நான் சோறு வடித்து, தொட்டுக்கொள்ள இரண்டு வெஞ்சனம் கூடுதலாக வைத்து, இலை போடுவேன். அவர் எதையும் முகர்ந்து பார்க்காமல் சாப்பிடுவார்.

வாசலிலிருந்து அண்ணன் குரல் கொடுப்பார். "மாப்ள, நின்னுருச்சு போலிருக்கு. நட்டப் போடவா?"

"நல்லாப் பாருங்க மச்சான். இன்னும் சொட்டும்" என்று சொல்லிவிட்டு, கணவர் மறுசோற்றுக்காக என் பக்கம் இலையைக் கொஞ்சம் நகர்த்துவார்.